வீட்டுக் காற்றை அளப்பது எப்படி? மானிட்டர் காட்டும் ஒற்றை எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. மேசைமேல் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, அதில் பச்சை நிறத்தில் 42 என்று ஓர் எண், கூடவே 'எங்க வீட்டுக் காத்து சூப்பர்' என்று ஒரு வரி. சற்று நேரத்தில் எதிர் பிளாக்காரர் தன் வீட்டுப் பெட்டியைப் படமெடுத்துப் போடுவார். அதில் சிவப்பில் 154. பிறகு மெட்ரோ வேலை, குப்பை எரிப்பு, எந்த பிராண்டு ஏர் பியூரிஃபையர் வாங்கலாம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். அந்த 42 எதன் அளவு என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். தூசியா, வாயுவா, இரண்டையும் கலந்து போட்ட மதிப்பெண்ணா?

வீட்டுக் காற்றைப் பரிசோதிப்பது பற்றிய குழப்பங்கள் பெரும்பாலும் இந்தக் கேட்காத கேள்வியில்தான் தொடங்குகின்றன.

## 'காற்றின் தரம்' என்று தனியாக ஒரு பொருள் கிடையாது

டாக்டரிடம் போய் 'என் உடம்பை அளந்து சொல்லுங்கள்' என்றால் அவர் எதை அளப்பார்? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர், ரத்த அழுத்தத்துக்குக் கையில் சுற்றும் பட்டை, சர்க்கரைக்கு விரலில் ஒரு சொட்டு ரத்தம். சர்க்கரை சரியாக இருக்கிறது என்பதால் பிரஷர் இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொன்றுக்கும் வேறு கருவி, வேறு அலகு.

காற்றிலும் அப்படித்தான். ஒரு வீட்டுக்குள் காற்றைக் கெடுப்பவை நான்கைந்து வகை: மிதக்கும் நுண்துகள்கள், நாம் வெளிவிடும் மூச்சு, பெயின்டும் பிளைவுட்டும் ஊதுபத்தியும் விடும் ஆவிகள், அடுப்பும் கீசரும் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயு, சுவரின் ஈரம். இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஏறி இறங்கும். தூசு துளியும் இல்லாத ஏசி அறையில் மூச்சுக்காற்று தேங்கிக் கிடக்கலாம். ஜன்னலைத் திறந்துவைத்த கூடத்தில் மூச்சுக்காற்று வெளியேறி, தெருத்தூசு உள்ளே வந்திருக்கலாம். இந்த இரண்டில் எது 'நல்ல காற்று' என்பதற்கு ஒற்றை எண்ணில் பதில் இல்லை.

## நுண்துகள்: பெட்டிக்குள் இருக்கும் லேசர்

கடையில் கிடைக்கும் மானிட்டர்களில் பெரும்பாலானவை முதலில் அளப்பது பிஎம் 2.5. 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ விட்டமுள்ள துகள்களுக்கு இந்தப் பெயர். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்பதால், இவை கண்ணுக்குத் தெரியாது. மூக்கு, தொண்டையில் சிக்காமல் நுரையீரலின் ஆழம்வரை போகும். ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று இதை அளப்பார்கள்.

பெட்டிக்குள் நடப்பது எளிது. சின்ன மின்விசிறி ஒன்று அறைக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றின் குறுக்கே ஒரு லேசர் கதிர். துகள் குறுக்கிட்டால் ஒளி சிதறும். சிதறிய ஒளியை ஓர் உணரி எண்ணி, அதிலிருந்து எடையைக் கணக்குப் போட்டுச் சொல்லும். கவனிக்க வேண்டியது இதுதான்: கருவி எதையும் எடை போடவில்லை, ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. ஆய்வகத்தில் காற்றை வடிதாள் வழியே இழுத்து, தாளின் எடை எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள். அது வேறு தரம்.

ஊகம் என்பதால் சில இடங்களில் சறுக்கும். காற்றில் ஈரப்பதம் அதிகமானால் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பும். கருவி அதையும் தூசு என்றே எண்ணும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் விடியற்காலை எண் கூடுவதில் ஒரு பங்கு இதற்கு உண்டு. குக்கர் ஆவியும் ஹியூமிடிஃபையர் பனியும் படும் இடத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். எதிர்த்திசையிலும் ஒரு குறை இருக்கிறது. ஏறக்குறைய 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளவை இந்த லேசருக்குத் தெரியாது. எல்பிஜி அடுப்பின் நீலத்தழல் விடும் துகள்களில் பெரும்பகுதி அதைவிடச் சின்னவை. வெறும் வெந்நீர் வைத்தால் எண் அசையாமல் இருப்பதும், எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து மிளகாய் வற்றல் விழுந்த நொடியில் எகிறுவதும் அதனால்தான். பின்னதில் கருவி பார்ப்பது எண்ணெய்த் துளிகளையும் புகையையும்.

## ஒரே காற்று, ஒரு வீட்டில் பச்சை, மறுவீட்டில் சிவப்பு

பிஎம் 2.5 அளவை அப்படியே காட்டாமல், பல மானிட்டர்கள் அதை ஏக்யூஐ என்ற காற்றுத் தரக் குறியீடாக மாற்றிக் காட்டும். அளவை 0 முதல் 500 வரையிலான மதிப்பெண்ணாக்கி நிறம் பூசுவது இது. சிக்கல், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மதிப்பெண் பட்டியல்.

ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் தூசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் குறியீட்டில் அது 100. 'திருப்திகரம்' என்று இளம்பச்சையில் வரும். அமெரிக்கா 2024இல் திருத்திய பட்டியலில் அதே காற்று 154. சிவப்பு. எதிர் பிளாக்காரரின் பெட்டியில் அமெரிக்கப் பட்டியல் இருந்திருந்தால், அவர் வீட்டுத் தூசு இந்தியாவின் 24 மணி நேர வரம்பான 60ஐத்தான் தொட்டிருக்கிறது. முதலில் படம் போட்டவரின் 42ஐயும் பார்ப்போம். அமெரிக்கப் பட்டியலில் 42 என்றால் ஏறக்குறைய 7.5 மைக்ரோகிராம். இந்தியப் பட்டியலில் 25. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணி நேர வழிகாட்டு அளவு 15 என்பதால், ஒரு 42 அதற்குள் அடங்கும், இன்னொரு 42 அடங்காது.

இதற்கு ஒரே வழி, செட்டிங்கில் போய் ஏக்யூஐயை அணைத்துவிட்டு மைக்ரோகிராம் அளவைப் பார்ப்பது. அந்த வசதி இல்லாத பெட்டியை வாங்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

இன்னொரு தவறும் இங்கேயே நடக்கிறது. மேலே சொன்ன வரம்புகள் எல்லாம் 24 மணி நேரச் சராசரிக்கானவை. தாளிக்கும்போது தெரிந்த உச்ச எண்ணை அவற்றோடு ஒப்பிட முடியாது. உதாரணக் கணக்கு ஒன்று: நாள் முழுவதும் 30 இருக்கும் வீட்டில், தாளிப்பின்போது கால் மணி நேரம் 300 ஆகிறது. அன்றைய சராசரி 33தான். அதே வீட்டில் ராத்திரி 8 மணி நேரம் கொசுவர்த்திச் சுருள் எரிந்து அறை 200இல் நின்றால், சராசரி 87க்குப் போய்விடும். தும்மவைத்த தாளிப்பைவிட, யாரும் கவனிக்காமல் மூலையில் கனன்ற சுருள்தான் கணக்கைக் கெடுக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு பிஎம் 2.5 வெளிவருவதாக அளந்து காட்டியது. சாம்பிராணிக்கும் இது பொருந்தும். 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' என்ற பெயரில் கம்ப்யூட்டர் இருப்பதால் புகை குறைந்துவிடுவதில்லை.

சுருக்கமாக: தூசுக்கருவி ஒளியைக் கொண்டு எடையை ஊகிக்கிறது. மைக்ரோகிராமில் பாருங்கள், நாள் சராசரியைப் பாருங்கள்.

## கார்பன் டை ஆக்சைடு: படுக்கையறையின் கணக்கு

இந்த வாயுவை மாசு என்று சொல்வதைவிடத் துப்பு என்று சொல்லலாம். வெளிக்காற்றில் இது 420 பிபிஎம்முக்குச் சற்று மேல் இருக்கும். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. நாம் விடும் மூச்சிலோ ஏறக்குறைய 40,000 பிபிஎம். ஆகவே அறையில் இந்த எண் ஏறுகிறது என்றால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் திரும்ப இழுக்கிறார் என்று பொருள். மூச்சோடு வரும் சளி, காய்ச்சல் கிருமிகளும் அதே வேகத்தில் தேங்கும்.

1858இல் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற ஜெர்மானியச் சுகாதார அறிஞர் இதைத்தான் சொன்னார். அறைக்காற்று புழுங்கிப்போனதற்கு அடையாளமாக 1000 பிபிஎம்மை அவர் வைத்தார். இன்றும் புழங்கும் எண் அதுவே. 1000ஐத் தாண்டினால் விஷம் என்று அவரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் தொழிலிடங்களில் 8 மணி நேர வேலைக்கு 5000 வரை அனுமதி உண்டு. ஆக 1000 என்பது 'ஜன்னலைத் திற' என்ற குறிப்பு, அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்த எண் எங்கே ஏறும்? ஏசி போட்ட படுக்கையறையில். வீடுகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று பலர் நம்புகிறார்கள். பொதுவாக அது அப்படிச் செய்வதில்லை, அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளியே தொங்கும் பெட்டி சூட்டை வெளியேற்றத்தான்.

10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம். உள்ளே ஏறக்குறைய 34,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். இருவருக்கு 24. வகுத்துப் பார்த்தால், காற்றே புகாத அறையில் மணிக்கு 700 பிபிஎம் ஏற வேண்டும். கதவிடுக்கு, ஜன்னல் சந்து என்று எந்த அறையிலும் கசிவு உண்டு என்பதால் அந்த வேகத்தில் விடியும்வரை ஏறாது. கசிவும் மூச்சும் சமமாகும் இடத்தில் நின்றுவிடும். அது 1200ஆ, 2500ஆ என்பது உங்கள் கதவைப் பொறுத்தது. இதைக் கண்டுபிடிக்கத்தான் கருவி வேண்டும், ஏனென்றால் இந்த வாயுவுக்கு மணம் கிடையாது.

வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. உண்மையான கார்பன் டை ஆக்சைடு உணரி, அகச்சிவப்பு ஒளியை அறைக்காற்று வழியே செலுத்தி, அதில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும். அகச்சிவப்புக் கதிரை இந்த வாயு விழுங்கும் என்பதே அடிப்படை. விலை குறைந்த பல பெட்டிகளில் இந்த உணரி இருக்காது. வேறு ஆவிகளை அளந்துவிட்டு, 'ஆள் இருந்தால் இவ்வளவு கார்பன் டை ஆக்சைடும் இருக்கும்' என்று ஒரு எண்ணைக் கற்பனையாகக் காட்டும். சோதித்துப் பார்ப்பது எளிது: கையில் சானிடைசர் தடவிக் கருவியருகே காட்டுங்கள். ஆல்கஹால் ஆவிக்கு 'கார்பன் டை ஆக்சைடு' தாவிக் குதித்தால், அது ஊகக் கருவி.

அசல் உணரிக்கும் ஒரு பழக்கம் உண்டு. பல கருவிகள் சில நாட்களில் தாம் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400 என்று திருத்திக்கொள்ளும். எப்போதுமே பூட்டிய அறையில் வைத்தால், புழுங்கிய காற்றையே நல்ல காற்று என்று அது கற்றுக்கொள்ளும். வாரம் ஒருமுறை சிறிது நேரம் பால்கனியில் வைத்து எடுத்தால் போதும்.

## ஆவிகள்: ஏறுவதைச் சொல்லும், எது என்று சொல்லாது

பெயின்ட், வார்னிஷ், அந்துருண்டை, ரூம் ஃபிரஷ்னர், கொசு விரட்டும் திரவம் எல்லாம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும் கரிமப் பொருட்களை விடுகின்றன. மானிட்டரில் இவற்றை மொத்தமாகச் சேர்த்து டிவிஓசி என்று காட்டுவார்கள். சூடேற்றிய உலோக ஆக்சைடுத் தகட்டில் இந்த ஆவிகள் படும்போது அதன் மின்தடை மாறும், அந்த மாற்றமே எண். தோசை மாவின் புளிப்பு ஆவியும் பெயின்டின் தின்னரும் அதற்கு ஒன்றுதான். எனவே இந்த எண்ணைக் கொண்டு பயப்படுவதிலும் பொருளில்லை, நிம்மதி அடைவதிலும் பொருளில்லை. திடீரென ஏறினால் எதைத் திறந்தோம், எதைத் தெளித்தோம் என்று யோசிக்க உதவும்.

புது மாடுலர் கிச்சன், புது பீரோ வந்த வீட்டில் கண் எரிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது ஃபார்மால்டிஹைடை. மரத்தூள் பலகைகளையும் பிளைவுட்டையும் ஒட்டும் பசையிலிருந்து வருவது. அதற்கு அரை மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. டிவிஓசி எண்ணிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

## கார்பன் மோனாக்சைடு: மானிட்டர் இல்லை, அலாரம்

பெயர் ஒத்திருப்பதால் இதையும் கார்பன் டை ஆக்சைடையும் பலர் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். ஆளைக் கொல்லக்கூடிய குழப்பம் இது. கார்பன் டை ஆக்சைடு நம் மூச்சு. கார்பன் மோனாக்சைடு, காற்று போதாமல் எரியும் தழலிலிருந்து வருவது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது பற்றிக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று வருவதால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழாமல் போன செய்திகளுக்குக் காரணம் இதுவே. ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர், மூடிய ஷெட்டில் ஜெனரேட்டர் என்று இடம் மட்டும் மாறும்.

வழக்கமான காற்று மானிட்டர் பலவற்றில் இதற்கான உணரியே இருக்காது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இதற்குத் தனி அலாரம் வேண்டும். உள்ளே இருக்கும் வேதி உணரி நாளாக நாளாகச் செயலிழக்கும் என்பதால், பின்புறம் அச்சிட்ட காலாவதி ஆண்டைப் பார்க்க வேண்டும். இது சிலிண்டர் கசிவுக்கான அலாரமும் அல்ல. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அதற்கான கருவி வேறு, அதை மாட்ட வேண்டியது தரைக்கு அருகே.

வீட்டில் கேஸ் கீசரோ கரி அடுப்போ இருந்தால், மற்ற எதையும் வாங்குவதற்கு முன் இதை வாங்குங்கள்.

## பூஞ்சையும் ரேடானும்

சுவரில் கறுப்புத் திட்டு கண்ணுக்குத் தெரிந்தால் காற்றைச் சோதிக்கப் பணம் செலவழிக்க வேண்டாம். சோதனை சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்ததைத்தான். மேல்மாடிக் குழாய் ஒழுகுகிறதா, வெளிச்சுவர் மழையில் ஊறுகிறதா என்று பாருங்கள். தட்டைத் திறந்துவைத்துப் பூஞ்சை வளர்த்துக் காட்டும் கிட்டுகளில் எந்த வீட்டிலும் ஏதாவது வளரும்.

ரேடான் என்பது மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் வரும் கதிர்வீச்சு வாயு. அமெரிக்காவில் வீடு வாங்கும்போது சோதிக்கும் வழக்கம் உண்டு. நிலவறையும், குளிருக்கு மாதக்கணக்கில் பூட்டிய ஜன்னல்களும் உள்ள வீடுகளில்தான் அது அதிகம் தேங்கும். ஜன்னல் திறந்து வாழும் மாடி வீட்டுக்கு இது முதல் கவலை அல்ல.

## எங்கே வைப்பது, எவ்வளவு நாள்

மூச்சு விடும் உயரத்தில், மூச்சு விடும் இடத்தில். படுக்கையறையில் கட்டில் உயரம். கூடத்தில் உட்கார்ந்தால் மூக்கு வரும் உயரம். ஏசிக் காற்று நேரே அடிக்கும் இடம், ஜன்னல் விளிம்பு, பீரோவின் மேல்தட்டு எல்லாம் தப்பான இடங்கள். கவுதமாலா, பெரு, ருவாண்டா, தமிழ்நாடு ஆகிய இடங்களில் ஏறக்குறைய 3200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த 'ஹாப்பின்' ஆய்வில், விறகடுப்புப் புகையை அளக்கக் கருவியைச் சமையலறைச் சுவரில் மாட்டியதோடு நிற்கவில்லை. பெண்களே அதை உடம்போடு அணிந்து நடமாடினார்கள். அறையில் எவ்வளவு புகை என்பதும் ஒருவர் எவ்வளவு புகையைச் சுவாசித்தார் என்பதும் வேறுவேறு எண்கள்.

ஒரு நாள் அளவு போதாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் செவ்வாய்க்கிழமை ரசமும் ஒரே எண்ணைத் தராது. குறைந்தது ஒரு வாரம் ஓடவிடுங்கள். போகியையும் தீபாவளியையும் ஒட்டிய நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்று நீங்கள் அளப்பது ஊரின் காற்றை.

தனி எண்ணைவிட, மாற்றிப் பார்த்து ஒப்பிடுவதே பயன் தரும். கருவி 10 சதவீதம் தப்பாகச் சொன்னாலும் இரண்டு நாளும் ஒரே மாதிரித் தப்பாகச் சொல்லும். கதவைச் சாத்தி ஓர் இரவு, இரண்டு விரல் அகலம் திறந்து ஓர் இரவு: கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு குறைந்தது? தாளிக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஒரு நாள், புகை கிளம்பிய பிறகு போட்டு ஒரு நாள்: தூசு எத்தனை நிமிடத்தில் அடங்கியது? ஏர் பியூரிஃபையர் உள்ளவர்கள் தூசு எண் இறங்குவதைப் பார்க்கலாம். கார்பன் டை ஆக்சைடு இறங்காது, வடிதாளில் அது சிக்காது. கருவியின் மீதே சந்தேகம் வந்தால், மழையில்லாத ஒரு நாள் முழுக்கப் பால்கனி நிழலில் வைத்து, அருகிலுள்ள அரசு நிலையத்தின் பிஎம் 2.5 சராசரியோடு ஒப்பிடுங்கள். சென்னையில் ஆலந்தூர், வேளச்சேரி, மணலி போன்ற இடங்களில் நிலையங்கள் உண்டு. அச்சாக ஒத்துப்போக வேண்டியதில்லை. இரண்டு மடங்கு விலகினால்தான் யோசிக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கண் எரிச்சலோ இருமலோ காரணம் தெரியாமல் நீடித்தால் ஆய்வகத்தை அழைக்கலாம். பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள்: எந்தெந்தப் பொருளைத் தனித்தனியாக அளப்பீர்கள், எந்த முறையில், எத்தனை மணி நேரச் சராசரி? இவற்றுக்கு நேரடிப் பதில் சொல்லாமல், ஒரு கையடக்கக் கருவியை ஐந்து நிமிடம் ஆட்டிவிட்டு அங்கேயே பியூரிஃபையர் விலைப்பட்டியலை நீட்டினால், வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.